ஐந்துக்கு இரண்டு

"இந்த வேலைக்கு வர வேண்டும் என்று உங்களைத் தூண்டுவது எது?" என்று நேர்முகத் தேர்வுக்கு வந்தவரிடம் கேட்டேன். "எனக்குச் சம்பளம் வேண்டும், மேடம். கொடுக்கும் வேலையைச் சரியாகச் செய்வேன்" என்றார். மேற்கொண்டு ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவரோ சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்திருந்தார். மதிப்பெண் தாளில் 'ஆர்வம்' என்ற கட்டத்தில் ஐந்துக்கு 2 போட்டேன்.

காரணமில்லாமல் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. கணக்குப் பிரிவுக்குப் புதிதாக வருபவர் மாதக் கணக்கைத் தனியாக முடிக்கும் அளவுக்குத் தேறச் சில மாதங்களாவது ஆகும். அதற்குள் அவர் விலகிவிட்டால், பழக்கிக் கொடுத்தவரின் உழைப்பு வீணாவதோடு விலகியவரின் வேலையும் மற்றவர்கள் தலையில் விழும். கணக்குத் தெரியுமா என்று பார்க்கத் தேர்வு வைக்கலாம். நிலைத்து நிற்பாரா, யாரும் கவனிக்காதபோதும் மெனக்கெடுவாரா என்பதை வாயால் கேட்டுத்தானே அறிய வேண்டியிருக்கிறது? இதில் தவறில்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் அவர் எழுதிய தேர்வுத்தாள் அப்போது என் கையில்தான் இருந்தது. நாங்கள் கொடுத்த பட்டியலில் ஒரு தொகை தவறாக அச்சாகி, கூட்டுத்தொகையோடு 270 இடித்தது. அதைக் கண்டுபிடிக்கும்படி யாரும் கேட்கவில்லை. அவர் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைத்துச் சரிபார்த்து, "வித்தியாசம் ஒன்பதால் வகுபடுகிறது, இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். 4,630 என்பது 4,360 என்று வந்திருக்கிறதா?" என்று அடியில் குறித்திருந்தார். நான் அதைத் 'திறன்' கட்டத்தில் சேர்த்து முழு மதிப்பெண் கொடுத்துவிட்டு, ஆர்வம் எங்கே என்று அவர் முகத்தில் தேடிக்கொண்டிருந்தேன்.

உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க்கும் உடன் பணியாற்றியவர்களும் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்கர்களையும் பேட்டி கண்டு 1959-இல் வெளியிட்ட ஆய்வைப் பிற்பாடுதான் படித்தேன். வேலையில் மிகுந்த நிறைவையோ மிகுந்த கசப்பையோ உணர்ந்த ஒரு சமயத்தை நினைவுகூர்ந்து, அப்போது நடந்ததைச் சொல்லும்படி அவர்கள் கேட்டிருக்கிறார்கள். என் கேள்வி நடந்த எதையும் கேட்கவில்லை. தன்னைப் பற்றி அழகாகப் பேசத் தெரிந்தவருக்கே அது வழிவிட்டது. சம்பளத்துக்காகத்தான் எல்லோரும் வருகிறோம், நான் உட்பட. அதை மறைக்காமல் சொன்னவருக்கு நான் மதிப்பெண் குறைத்தேன்.

அன்று அவருக்குப் பதிலாக நாங்கள் தேர்ந்தெடுத்தவர் இன்றும் பொறுப்பாகவே வேலை செய்கிறார். அவர் இடையில் விலகியிருந்தால் என் முடிவு பிழை என்று ஒப்புக்கொண்டிருப்பேன், அதற்கும் வழியில்லை. ஒருவருக்குச் சரியாக அமைந்த முடிவு இன்னொருவருக்கு அநியாயமாகவும் இருக்கலாம் என்று தோன்றும்; இருந்த ஒரே இடத்துக்கு ஒருவரைத்தானே எடுக்க முடியும் என்று மறுகணமே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

இப்போதெல்லாம், "கடைசியாக எந்த வேலையை முடிக்காமல் எழுந்துபோக உங்களுக்கு மனம் வரவில்லை?" என்று கேட்கிறேன். சென்ற மாதம் ஒருவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "அப்படி எதுவும் நினைவுக்கு வரவில்லை" என்றார். 2 என்று எழுதத் தொடங்கிய கையை நிறுத்தி, அவருடைய தேர்வுத்தாளை மறுபடி எடுத்து ஓரங்களில் ஏதாவது குறித்திருக்கிறாரா என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்தக் கட்டத்தை நிரப்ப எனக்கு மனம் வரவில்லை.