மாஸ்டரின் பிஸ்கற் தகரம்

மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ என்று செயலாளர் நாலு தரம் கேட்டுவிட்டார். எனக்கு எழுத இருப்பது எங்கள் பி.ரி. மாஸ்டரும் அவருடைய பழைய பிஸ்கற் தகரமும்தான்.

நான் உயரம் பாய்தல்காரன். பயிற்சியில் சுகமாகத் தாண்டுகிற உயரத்தைப் போட்டியில் தட்டிவிடுகிறவன். ஒரே உயரத்தில் அடுத்தடுத்து மூன்று முறை பிழைத்தால் கதை முடிந்தது, வலய மட்டத்தில் தொடக்க உயரத்திலேயே என் கதை அப்படி முடிந்தது. அம்மா நாவூறு என்று செத்தல் மிளகாய் சுற்றி எரித்தார். கூட்டாளிகள் ‘பயப்பிடாத மச்சான்’ என்றார்கள். சொன்னால் பயம் போய்விடுமா? நெஞ்சு இன்னும் கூட அடிக்கும், அவ்வளவுதான்.

மாஸ்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் பின்னேரம் விடுதிப் பொடியள் இருபது பேரை மணல் குழியைச் சுற்றி நிறுத்தி, நான் ஓடத் தொடங்கும்போது தகரத்தில் தட்டிக் கூ அடிக்கச் சொன்னார். ஒரே ஒரு பாய்ச்சல், தடி விழுந்தால் வீட்டுக்குப் போகலாம். ஒரு கிழமை முழுக்க ஐந்து நிமிடத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன், வெட்கம் என்றால் அப்படியொரு வெட்கம். அப்புறம் எப்போது என்று தெரியாது, தகரம் காதில் விழாமல் போய்விட்டது.

‘ஓடேக்க என்ன நினைக்கிறாய்?’ என்று ஒருநாள் கேட்டார். எந்தக் காலை எப்போது தூக்குவது என்று, என்றேன். ‘அது காலுக்குத் தெரியும். நீ ஏன் இடையில போய்ப் படிப்பிக்கிறாய்?’

பழகிய அசைவைத் துண்டு துண்டாகக் கவனிக்கப் போனால்தான் அது குழம்புகிறது, மூச்சை இழுத்ததைவிட நீட்டி விட்டால் நெஞ்சுத் துடிப்பு இறங்குகிறது. இதையெல்லாம் இப்போது விளையாட்டு உளவியல் என்று படிப்பிக்கிறார்கள், அவர் எங்கே படித்தாரோ. எனக்கு அவர் போட்ட ஒழுங்கு இதுதான்: அடையாளத்தில் நில், மூச்சை நீட்டி விடு, கையைக் காற்சட்டையில் துடை, ஒரு சொல்லைச் சொல், ஓடு. பயிற்சியிலும் அதேதான், ஒன்றும் குறையக் கூடாது. என் சொல் ‘எழும்பு’. விடியக்காலையில் அம்மா சொல்வது.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இல் டோக்கியோவில் 2.03 மீற்றர் பாய்ந்து ஆசிய விளையாட்டில் இலங்கைக்கு முதல் தங்கம் எடுத்த கதையை அடிக்கடி சொல்லுவார். ‘அவருக்கும் நெஞ்சு அடிச்சிருக்கும். அடிக்க அடிக்கப் பாய்ஞ்சவர்.’

அடுத்த வருடம் மாகாணப் போட்டி, துரையப்பா விளையாட்டரங்கு. இரண்டு தரம் தட்டிவிட்டேன். ஒலிபெருக்கியில் 100 மீற்றர்காரரைக் கூப்பிடுகிறார்கள், பாய்வதற்குத் தருகிற ஒரு நிமிடம் ஓடிக்கொண்டிருக்கிறது, முன்பென்றால் அந்த நிமிடமே என்னைத் தின்றிருக்கும். மூச்சை விட்டேன். எழும்பு. தடி அசையவில்லை.

நாலாம் இடம்தான், பதக்கம் இல்லை. தடி நின்றதே போதும் என்று சிரித்துக்கொண்டு வந்த என்னை மாஸ்டர் மேலும் கீழும் பார்த்தார்.

‘கையைத் துடைக்க மறந்திட்டாய்.’