எட்டாம் நாளில் பிரிந்த தையல்

கர்ப்பப்பையை அகற்றும் அறுவை சிகிச்சை முடிந்து அம்மாவை வீட்டுக்கு அழைத்து வந்த இரண்டாம் நாள், அதாவது அறுவைக்குப் பின் எட்டாம் நாள் காலையில், அவருடைய உள்பாவாடை இளஞ்சிவப்பு நீரில் நனைந்திருந்தது. வலி அதிகமில்லை என்று அவர் சொன்னதால் மாலை வரை காத்திருந்தோம். அப்படிக் காத்திருந்தது பெரிய தவறு. வயிற்று அறுவைக்குப் பின் முதல் இரண்டு வாரங்களுக்குள் இவ்வாறு திடீரென நீர் கசிந்தால், தோலுக்கு அடியில் வயிற்றுச் சுவரைத் தாங்கி நிற்கும் உறையின் தையல் விட்டுப்போவதற்கு அது முன்னறிகுறியாக இருக்கலாம். அந்த உறை முழுவதும் பிரிந்தால் குடலே வெளியே வந்துவிடக்கூடும். நல்லவேளையாக அம்மாவுக்கு உறை உறுதியாக இருந்தது. தோலும் கொழுப்பும் மட்டுமே பிரிந்து, உள்ளே சீழ் கட்டியிருந்தது.

"வீட்டில என்னம்மா சாப்பிட்டீங்க?" என்பதுதான் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி. முட்டையும் பருப்பும் புண்ணில் சீழ் வைக்கும் என்று பெரியம்மா உறுதியாகச் சொன்னதால், மூன்று வேளையும் அரிசிக் கஞ்சியும் ரசம் சாதமும்தான் கொடுத்திருந்தோம். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவருக்கு இதைவிடக் கெடுதலான பத்தியம் இருக்க முடியாது. புண்ணை இணைக்கும் கொலாஜன் உருவாகப் புரதமும் வைட்டமின் சி-யும் தேவை. சர்க்கரை ஏறிய இரத்தத்திலோ கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் சரிவரச் செயல்படுவதில்லை. பாசத்தோடு நாங்கள் புரதத்தைத் தடுத்து, சர்க்கரையை வளர்த்திருந்தோம். பெரியம்மாவை நான் குறை சொல்லவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது உணவைப் பற்றி எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதே என் ஆதங்கம்.

உடனே மறுபடி தைத்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்தோம். ஆனால் அழுக்கை உள்ளே வைத்து மூடினால் சீழ் மீண்டும் சேரும் என்பதால், புண்ணைத் திறந்தே வைத்து, நாள்தோறும் சலைனால் கழுவி, ஈரத் துணியை உள்ளே வைத்துக் கட்டினார்கள். இன்சுலின் தொடங்கினார்கள், முட்டை, பருப்பு, மீன், நெல்லிக்காய் எல்லாம் தட்டுக்குத் திரும்பின. பத்து நாளில் அடியிலிருந்து சிவந்த புதுச்சதை, தொட்டால் இரத்தம் கசியும் அளவுக்கு மென்மையாக எழும்பியதைக் கண்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது புண் மூடிவிட்டது. ஆனாலும் ஆறிய தழும்பு மூன்று மாதங்கள் கழித்தும் பழைய தோலின் வலிமையில் ஏறக்குறைய எண்பது சதவீதத்தைத்தான் எட்டும் என்பதால், அம்மா இருமும்போது வயிற்றில் தலையணையை அணைத்துக்கொள்கிறார். தண்ணீர்க் குடத்தைத் தம்பி தூக்குகிறான்.