அம்மாவுக்கும் கோழிக்கும் ஒரே பெயரில் வந்த ரிப்போர்ட்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அம்மா 14 கம்பத்துக் கோழி (நாட்டுக்கோழி) வளர்த்தார். ஒரே வாரத்தில் 6 செத்தன. அதே வாரம் அம்மாவுக்கும் குளிர்க்காய்ச்சல், சிறுநீர் போகும்போது எரிச்சல். என்ன நோய் என்று இரண்டுக்கும் எழுத்தில் வாங்க எனக்கு மூன்று வாரம் ஆனது. அதில் பாதி வீண் அலைச்சல்.

முதலில் கோழி. கால்நடை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "கொண்டு வாங்க" என்றார்கள், அவ்வளவுதான். நாறிவிடுமே என்று செத்த கோழியை ராத்திரி ஃபிரீசரில் வைத்து, மறுநாள் லீவு போட்டு மோட்டாரில் கொண்டுபோனேன். கவுண்டரில் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட்டார்கள். உறைந்துபோனால் உள்ளுறுப்புகள் கெட்டுவிடும், அறுத்துப் பார்த்தும் பயனில்லையாம். இதைப் போனிலேயே சொல்லியிருந்தால் என் ஒரு நாள் சம்பளம் மிஞ்சியிருக்கும்.

அதனால் சொல்கிறேன்: ஃபிரீசர் வேண்டாம். கையுறை போட்டு, இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து, செத்த அன்றே கொண்டுபோங்கள். தீவனக் கடை மருந்துப் பொடியைத் தண்ணீரில் கலந்து கொடுக்கும் முன்பே போய்விடுங்கள். கொடுத்த பிறகு கிருமி வளராமலே போகலாம்.

இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார்கள். இதயத்தின் மேலும் ஈரலின் மேலும் பாலாடை மாதிரி மஞ்சள் படலம் படிந்திருந்ததை மருத்துவர் படத்தில் காட்டினார். ரிப்போர்ட்டில் ஈ.கோலை என்ற பாக்டீரியாக் கிருமி.

அம்மா விஷயத்தில், சோதனைக்கு முன்பே மருந்து கொடுக்கும் அந்தத் தவறுதான் நடந்தது. டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் சிறுநீரைச் சோதிக்காமலே ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அரசாங்கக் கிளினிக்கில் எடுத்த கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எதுவும் வளரவில்லை. "மருந்து சாப்பிட்டுட்டு வந்தீங்களா?" என்று மிஸ்ஸி (நர்ஸ்) கேட்டபோதுதான் எனக்குப் புரிந்தது. மாத்திரை முடிந்த சில நாளில் காய்ச்சல் திரும்பியது. இந்த முறை மருந்துக்கு முன்பே சிறுநீர் எடுத்தார்கள். அதிலும் ஈ.கோலை!

எனக்குக் கை நடுங்கியது. பக்கத்து வீட்டு அக்கா ஏற்கனவே "எல்லாம் அந்தக் கோழியாலதான்" என்று அம்மாவை அழவைத்திருந்தார். இரண்டு ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடமே கேட்டேன்.

அவர் பொறுமையாக விளக்கினார். ஈ.கோலை ஒரு பெரிய குடும்பம். 1885-இல் எஷெரிக் என்ற மருத்துவர் குழந்தைகளின் மலத்தில் கண்டு எழுதிய கிருமி இது. பெரும்பாலானவை நம் குடலிலும் கோழியின் குடலிலும் தொந்தரவில்லாமல் வாழ்கின்றன. சில வகைகள் மட்டும் குடலை விட்டு வெளியே வந்தும் பிழைக்கத் தெரிந்தவை. கோழியின் காற்றுப்பையையும் ஈரலையும் தாக்கும் வகைகளும், நம் சிறுநீர்ப்பையையும் பச்சைக் குழந்தையின் மூளை உறையையும் தாக்கும் வகைகளும் பல ஆயுதங்களில் ஒத்துப்போகின்றன. திசுவைப் பற்றிக்கொள்ளும் மயிரிழைகள், உடலிலிருந்து இரும்பைப் பிடுங்கும் ஏரோபாக்டின், சிலவற்றில் நோய் எதிர்ப்பை ஏமாற்றும் கே1 என்ற மேலுறை. சில கோழி வகைகளுக்கும் சில மனித வகைகளுக்கும் மரபணு மிக நெருக்கம். "ஆனா பெயர் ஒண்ணா இருக்கறதால இது அங்கிருந்துதான் வந்ததுன்னு சொல்ல முடியாது. ரெண்டோட முழு மரபணுவையும் ஒப்பிடணும். அம்மா வயசுல பெரும்பாலும் சொந்தக் குடல்ல இருக்கற கிருமிதான் சிறுநீர்ப்பைக்குப் போகும்." இதைக் கேட்டு அம்மா விட்ட பெருமூச்சை நான் மறக்க மாட்டேன்.

இன்னொன்று. எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும், எதற்கு அடங்காது என்ற பட்டியலை இரண்டு இடத்திலும் நானே கேட்டுத்தான் வாங்கினேன். கேளுங்கள், நகல் எடுத்து வையுங்கள். மருந்தை எதிர்க்கும் மரபணு ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். கடைசிக் கையிருப்பாக வைத்திருக்கும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கையே எதிர்க்கும் அப்படியொரு மரபணுவைச் சீனாவில் கண்டதாக 2015-இல் அறிவித்தார்கள். மலேசியாவில் 2019-இலிருந்து கால்நடைத் தீவனத்தில் கொலிஸ்டினுக்குத் தடை.

பட்டியலைப் பார்த்துக் கொடுத்த மாத்திரையில் அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டது. கூண்டில் ஈரமாகக் கிடந்த மரத்தூளை அள்ளிக் கொட்டினேன். அந்த அமோனியா நெடிதான் கோழியின் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கிக் கிருமிக்கு வழி விடுமாம். கூண்டுக்கென்று தனிச் செருப்பு, வாசலில் சோப்பு. மிச்சம் 7 கோழி இருக்கிறது, பிறருக்குக் கொடுத்ததும் செத்ததும் போக.