மேக்கில் கிடைக்கும், விண்டோஸில் கிடைக்காது

பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் செய்த ஒரே கோப்புதான். மேக்கில் ஒருவர் கிரெப் தேடல் (எழுத்துகளின் வடிவத்தைக் கொடுத்துத் தேடும் முறை) போட்டால் பத்து இடம் காட்டுகிறது. விண்டோஸில் இன்னொருவர் அதே சொல்லைத் தட்டித் தேடினால் ஒன்றுகூட வரவில்லை. புத்தக வடிவமைப்பில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன புகார். உடனே பழி இயங்குதளத்தின் மேல் விழும். என் அனுபவத்தில் பெரும்பாலும் அது காரணமே இல்லை. தேடுபெட்டியில் எந்த விசைப்பலகையால் தட்டினோம், உரை எந்த வழியாக வந்தது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

"கொடி" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துகளுக்கு எண் தரும் பொது முறையான யூனிகோடில் "ொ" என்பது ஒரே குறியாகவும் இருக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவும் இருக்கலாம். முதல் வகையில் சொல்லுக்கு நான்கு குறிகள், இரண்டாவதில் ஐந்து. திரையிலும் அச்சிலும் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கிரெப்போ குறிகளைத்தான் ஒப்பிடும். ஒரு விசைப்பலகை மென்பொருள் சேர்ந்த குறியைத் தருகிறது, மற்றொன்று பிரிந்ததைத் தருகிறது. கணினி மாறும்போது அதுவும் மாறிவிடுகிறது. சந்தேகம் வந்தால் எழுத்தைத் தேர்ந்தெடுத்து இன்ஃபோ பேனலைப் பாருங்கள், யூனிகோட் எண் அங்கே தெரியும். கொம்பும் காலும் அடுத்தடுத்து வரும் இடங்களைச் சேர்ந்த குறியாக மாற்றிவிட்டால் பாதித் தொல்லை தீரும். இரட்டைக்கொம்புக்கும் இதே வைத்தியம்தான்.

யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய உரையில் வேறொன்று ஒளிந்திருக்கும்: காலுக்கு மேல் புள்ளி வைத்து "ர்" ஆக்கியிருப்பார்கள். "அவர்" என்று தேடினால் அது அகப்படாது. காலுக்குப் பின் புள்ளி முறையான தமிழில் வரவே வராது என்பதால், கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாக மாற்றலாம்.

ஔகாரத்தில் மட்டும் அந்தத் துணிச்சல் கூடாது. "மௌனம்" என்பதை ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டு "மெளனம்" என்று அடிப்பது பரவலான வழக்கம். இதைத் திருத்தப் போய், கொம்பை அடுத்த ளகரத்தை எல்லாம் ஒரே அடியில் மாற்றினால் "வெளி", "தெளிவு", "கெளுத்தி" அத்தனையும் சிதையும். ளகரத்தின் பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாத இடங்களை மட்டும் பிடிக்கும்படி எதிர்மறை முன்நோக்கு நிபந்தனை சேர்த்துத் தேட வேண்டும். அப்படித் தேடினாலும் "அனைத்தையும் மாற்று" பொத்தானை நான் தொடுவதில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்றுகிறேன். நேரம் போகும்தான், ஆனால் ஆசிரியரின் சொல் கெடாமல் இருக்கும்.

வரிமுடிவு வேறு கதை. விண்டோஸ் உரைக்கோப்பில் வரி முடிய இரண்டு குறிகள், இன்றைய மேக்கில் ஒன்று, மிகப் பழைய மேக்கில் வேறொன்று. இன்டிசைனுக்குள் வந்தபின் பத்தி முடிவும், ஷிஃப்ட்டோடு என்டர் தட்டிய வரி முறிவும் தனித்தனிச் சங்கதிகள். பத்தி முடிவைத் தேடும் வடிவம் வரி முறிவைத் தொடாது. மறைகுறிகளைக் காட்டச் சொன்னால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

சரியாக வேலை செய்யும் தேடலை வாயால் சொல்லி அனுப்புவதைவிட, சேமித்த கோப்பாகவே அனுப்புவது நல்லது. பெறுபவர் திரும்பத் தட்ட வேண்டியதில்லை, விசைப்பலகை குறுக்கே வராது. அது எக்ஸ்எம்எல் கோப்பு, இரண்டு தளங்களிலும் ஓடும். அதைப் போட வேண்டிய இடம் மேக்கில் பயனரின் லைப்ரரி கோப்புறைக்குள், விண்டோஸில் ஆப்டேட்டா கோப்புறைக்குள். இந்த இரண்டு கோப்புறைகளுமே இயல்பாக மறைந்திருப்பதால் பலர் தேடி அலுத்துவிடுகிறார்கள். உள்ளே பதிப்பு எண், மொழி என்று துணைக்கோப்புறைகளும் உண்டு. தவறான பதிப்பில் போட்டால் பட்டியலில் பெயரே வராது.

இந்தச் சுத்திகரிப்பு எல்லாம் முடிந்த பிறகுதான் பத்தி ஸ்டைலுக்குள் கிரெப் ஸ்டைல் (வடிவத்துக்குப் பொருந்தும் சொல்லுக்குத் தானாகவே தோற்றம் தரும் விதி) எழுதுகிறேன். முன்பே எழுதினால், அதே சொல் ஒரு பக்கத்தில் தடித்தும் அடுத்த பக்கத்தில் சாதாரணமாகவும் நிற்கும். மெய்ப்பு பார்ப்பவர் அதை வடிவமைப்புப் பிழை என்று குறித்து அனுப்புவார்.