அம்மாவின் வலது பக்கம்

ஜனவரி 18

ரிப்போர்ட் வந்துவிட்டது. ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, ஒரு வகைத் தோல் புற்று. தம்பிக்கு போன் போட்டேன், பேச்சே வரவில்லை. போட்டோ எடுத்து அனுப்பிவிட்டேன்.

ஜனவரி 20

சின்ன வயதில் வெந்நீர் கொட்டி வெந்த இடம். வலது நெற்றிப்பொட்டில் அதற்கப்புறம் முடியே முளைக்கவில்லை, முந்தானையால் மூடி மூடியே அம்மாவுக்குப் பழகிவிட்டது. தழும்பு வெடிக்கும், ஆறும், மறுபடி வெடிக்கும். அப்படிப்பட்ட தழும்பு பல பத்தாண்டு கழித்துப் புற்றாகலாமாம், மார்ஜோலின் புண் என்று தனிப்பெயரே இருக்கிறது. வெயிலால் வரும் தோல் புற்றைவிட இது சீக்கிரம் நெறிக்கட்டிக்குப் போகும் என்றார் டாக்டர். காதுக்கு முன்னால் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, புளியங்கொட்டை அளவில்.

ஜனவரி 27

புற்று மண்டையோட்டைத் தொட்டிருக்கிறது, மேல் தகட்டை மட்டும். மூளைப் பக்கம் போகவில்லை. இந்த ஒரு வரியைத்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 4

நாளைக்கு ஆபரேஷன்.

பிப்ரவரி 6

கண் விழித்துவிட்டாள். தொடையிலிருந்து தோலையும் சதையையும் ரத்தக்குழாயோடு எடுத்து, கழுத்துக் குழாயோடு இணைத்துத் தலையில் வைத்திருக்கிறார்கள். மணிக்கொரு தரம் நர்ஸ் வந்து பென்சில் மாதிரி ஒரு கருவியை அதன் மேல் வைக்கிறாள், உஷ் உஷ் என்று சத்தம் வருகிறது. ரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம். அந்தச் சத்தம் வரும்வரை நானும் மூச்சு விடுவதில்லை.

முக நரம்பில் மேல் கிளைகளை வெட்டத்தான் வேண்டியிருந்ததாம். வலது கண் மூடவில்லை.

பிப்ரவரி 11

சொட்டு மருந்து, ராத்திரி களிம்பு, அப்புறம் டேப். டேப்பை மேலிருந்து கீழே இழுத்து ஒட்ட வேண்டும், இமை முழுக்க மூடியதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும், கொஞ்சம் திறந்திருந்தாலும் கருவிழி காய்ந்து புண்ணாகும். தூங்கும்போதும் அந்தக் கண் என்னையே பார்ப்பது போல இருக்கிறது, எழுந்து எழுந்து டார்ச் அடிக்கிறேன். "ஏட்டி, நீ படுக்கவே மாட்டியா?" என்கிறாள், வாய் ஒரு பக்கம் இழுக்க.

பிப்ரவரி 19

வெட்டி எடுத்ததன் விளிம்பில் கட்டி இல்லை. ஆனால் ஓரிடத்தில் 2 மில்லிமீட்டர்தான் இடைவெளி. எடுத்த நெறிக்கட்டிகளில் இரண்டில் புற்று, ஒன்றில் உறையைத் தாண்டியிருக்கிறது. 2 மில்லிமீட்டர் எவ்வளவு என்று ஸ்கேலில் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

பிப்ரவரி 24

கீமோவும் சேர்த்துக் கொடுத்தால் என்ன என்று தம்பி கேட்டான். தலை, கழுத்துத் தோல் புற்றில் கதிர்வீச்சோடு கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்தைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2018-ல் வந்ததாம், சேர்த்ததால் பலன் கூடவில்லை. அதனால் கதிர்வீச்சு மட்டும்: மொத்தம் 60 கிரே (கிரே என்பது கதிர்வீச்சின் அளவு), 30 பங்காக, வாரத்துக்கு ஐந்து நாள். அதற்கு முன்னால் சொத்தைப் பல்லைப் பிடுங்க வேண்டும், பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். அம்மா அழுதது இந்தப் பல்லுக்குத்தான். மண்டையோட்டைச் செதுக்கியபோதுகூட அழவில்லை.

மார்ச் 10

கதிர்வீச்சின்போது தலை அசையாமல் இருக்க மாஸ்க். பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் போட்டு இளக்கி முகத்தில் வைத்து அழுத்தினார்கள், சில நிமிஷத்தில் இறுகி அம்மாவின் முகமாகிவிட்டது. வெந்நீர் என்றதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மார்ச் 17

கதிர்வீச்சு, முதல் நாள். சீக்கிரமே முடிந்துவிட்டது.

மார்ச் 25

திரும்பி வந்தால்? ராத்திரியெல்லாம் இதுதான். செமிப்ளிமாப் என்று ஒரு ஊசி, 2018 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை அரை மணி நேர டிரிப், அறுவை செய்ய முடியாமல் முற்றியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் கட்டி சுருங்கியது. புற்று செல் நம் எதிர்ப்பு சக்திக்குப் போடும் பூட்டை அது திறந்துவிடுகிறதாம், ஆனால் அதே எதிர்ப்பு சக்தி நுரையீரல், தைராய்டு என்று நம் உடம்பின் மேலேயே பாயவும் கூடும். விலையைப் பார்த்துவிட்டு வீட்டுப் பத்திரத்தை எடுத்து வைத்தேன். தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை. டாக்டரிடம் கேட்டதற்கு, "இப்போ அது தேவைப்படலம்மா, இதை முடிப்போம்" என்றார். பாதிப் பேர் என்றால் மீதிப் பாதி?

மார்ச் 31

மெஷின் ரிப்பேர், இன்று இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இடைவெளி விழக் கூடாது என்று சொன்னதே அவர்கள்தானே! சத்தம் போட்டேன். சனிக்கிழமை சேர்த்துக் கொடுப்பார்களாம்.

ஏப்ரல் 2

கழுத்துத் தோல் கறுத்து உரிகிறது. எல்லாம் மண் மாதிரி இருக்கிறது என்கிறாள், பிடித்த சொதியைக்கூட ஒதுக்கிவிட்டாள். எடை குறைந்தால் மாஸ்க் தளர்ந்துவிடும், அதனால் கஞ்சியில் முட்டை அடித்துக் கொடுக்கிறேன்.

ஏப்ரல் 6

கண் சிவந்திருக்கிறது. நாளைக்குக் கண் டாக்டர். இமையில் சின்னத் தங்கத்தகடு வைத்துத் தைத்தால் அந்தப் பாரத்தில் தானாக மூடும் என்கிறார்கள், அதையும் கேட்க வேண்டும். சித்தி தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு வந்து உட்கார்ந்திருக்கிறாள், கதிர்வீச்சு படும் இடத்தில் டாக்டர் சொல்லாத எதையும் தடவக் கூடாது என்று எத்தனை தரம் சொல்வது?