அம்மாவின் மிதிவண்டிக்கு வீட்டிலேயே ஓவராயில்

மிதிவண்டியில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால், அது எத்தனை சுற்றுக்கு ஒரு முறை வருகிறது என்று எண்ணிப் பார்ப்பதுதான் முதல் வேலை. ஸ்பானரைத் தேடுவது அதற்குப் பிறகு. சென்ற மாதம் அம்மாவின் பழைய ஹெர்குலிஸ் வண்டியை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குக் கிளம்பியபோது, பெடலை மிதிக்க மிதிக்கக் கீழேயிருந்து ‘டக்’ என்று ஓர் ஒலி வந்துகொண்டே இருந்தது. அந்த வண்டியின் முன்பல்சக்கரத்தில் 44 பற்களும் பின்சக்கரத்துப் பல்சக்கரமான ஃப்ரீவீலில் 18 பற்களும் உள்ளன. ஆகவே பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுற்றும். ஒலி சக்கரத்தில் பிறந்திருந்தால் பெடலின் ஒரு சுற்றுக்கு இரண்டு மூன்று முறை கேட்டிருக்க வேண்டும். செயினில் ஒரு கண்ணி இறுகிப்போயிருந்தால், அந்தக் கண்ணி முழு வட்டம் போட்டுத் திரும்பி வருவதற்கே பெடல் இரண்டரை முறை சுற்றியாக வேண்டும் என்பதால், ஒலி அரிதாகத்தான் வரும். எனக்குக் கேட்டதோ பெடலின் ஒவ்வொரு சுற்றுக்கும் சரியாக ஒரு முறை. மிதிப்பதை நிறுத்தி வண்டியைத் தானாக உருளவிட்டதும் அது நின்றுபோயிற்று. கோளாறு பெடலிலோ, பெடலைத் தாங்கும் கையான கிராங்கிலோ, அதைத் தாங்கும் நடு அச்சிலோதான் இருக்க முடியும் என்பது, வண்டியைவிட்டு இறங்காமலேயே தெரிந்துவிட்டது.

அந்த வண்டியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முனைப்பில், எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுவதும் பெண்களுக்குக் கற்றுத்தரப்பட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் கற்றுக்கொண்டார்கள். அம்மா அவர்களில் ஒருவர். பெண்களுக்கான வண்டிகள் அப்போது போதிய அளவில் கிடைக்காததால் பலர் ஆண்கள் ஓட்டும் வண்டியையே வாங்கினார்கள். குறுக்கே பார் இருந்தால் குழந்தையை அதில் உட்காரவைத்துக்கொள்ளலாம் என்பதற்காக அதையே விரும்பியவர்களும் உண்டு. அங்கன்வாடிக்கு வேலைக்குப் போன அம்மாவும் பழைய ஆண்கள் வண்டி ஒன்றைத்தான் வாங்கினார். அதன் பாரில் துண்டைச் சுற்றி என்னை உட்காரவைத்துத்தான் ஊரெல்லாம் அழைத்துச் சென்றார். 1949-இல் தொடங்கி அம்பத்தூரில் இயங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலையிலிருந்து வந்த வண்டி அது. 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், காட்டர் பின் என்ற ஆணி செருகிய கிராங்க் என அந்தக் காலத்து அமைப்பு ஒன்றுகூட மாறாமல் இன்றும் என் வீட்டு முற்றத்தில் நிற்கிறது.

வீட்டுக்கு வந்ததும் கிராங்கு இரண்டையும் தரைக்கு இணையாக நிறுத்தி, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, பெடல்களின் மீது ஏறி நின்று பார்த்தேன்; பிறகு கிராங்கை அரைச்சுற்றுத் திருப்பி மீண்டும் ஏறி நின்றேன். இரண்டாவது முறை இடக்கால் பக்கம் மயிரிழை அளவுக்கு இடம் மாறியது கண்ணுக்கே தெரிந்தது. காட்டர் பின் தேய்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. இந்தப் பின்னின் ஒரு பக்கம் சாய்வாகச் சீவப்பட்டிருக்கும். அந்தச் சாய்வு அச்சில் வெட்டியுள்ள தட்டையான இடத்தில் ஆப்புப்போல இறங்கி உட்காருவதால்தான் கிராங்க் அசையாமல் நிற்கிறது. அதைக் கழற்றுவதற்குச் சுத்தியல் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் கிராங்குக்கு அடியில் கனமான இரும்புக் குழாய் ஒன்றைத் தரையிலிருந்து முட்டுக்கொடுத்து, அடி முழுவதும் அந்தக் குழாய் வழியாகத் தரைக்கு இறங்கும்படி செய்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். மரையைக் காப்பதற்காக நட்டை முழுதும் கழற்றாமல் பின்னின் நுனிமட்டத்துக்குத் திருகி வைப்பதும் அவசியம். முட்டுக்கொடுக்காமல் அடித்தால் அந்த அடியை உள்ளே இருக்கும் பால்ரஸ் குண்டுகள்தான் வாங்கும். அவை தாம் உருளும் கிண்ணத்திலும் அச்சிலும் பள்ளம் பதித்துவிடும்.

நான் பிரித்துப் பார்த்தபோது அப்படிப்பட்ட பள்ளங்கள் இருந்தன. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் இந்தப் பின்னை மாற்றினோம். வண்டியைச் சுவரில் சாய்த்து வைத்து ஓங்கி அடித்ததை நானே அருகில் நின்று பார்த்தேன், அப்போது அதன் பொருள் எனக்குத் தெரியாது. நடு அச்சையும் இடப்புறக் கிண்ணத்தையும் புதிதாக வாங்கினேன். வலப்புறக் கிண்ணம் நல்ல நிலையில் இருந்ததால் அதைத் தொடவில்லை. அதன் மரை தலைகீழானது, வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திருகினால்தான் கழலும்; அவசியமில்லாமல் அதைக் கழற்ற முயல்வது வீண் சேதத்தில் முடியும். பக்கத்துக்கு 11 வீதம் கால் அங்குலக் குண்டுகளைக் கிரீஸில் பதித்து, அச்சைச் செருகி, புதிய காட்டர் பின்களை ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் வைத்து அடித்தேன். இரண்டும் ஒரே திசையில் போனால் இரு கிராங்குகளும் நேர்க்கோட்டில் நில்லாமல் கோணிக்கொள்ளும். நட்டை முறுக்கிப் பின்னை உள்ளே இழுக்க நினைப்பதும் தவறு. அடித்து உட்காரவைத்த பின்னை நழுவாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே நட்டின் வேலை. சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து மறுபடியும் ஒரு தட்டுத் தட்டி நட்டை இறுக்கினால், அதன் பிறகு நெடுநாள் கவலையில்லை.

இவ்வளவு பிரித்தாயிற்று, முழு ஓவராயிலாகவே முடித்துவிடலாம் என்று சக்கரங்களையும் கழற்றினேன். பழைய தாம்பாளத்தில் துணி விரித்து அதன் மேல் வைத்துப் பிரித்தால் குண்டுகள் உருண்டோடா. முன்சக்கரத்தில் பக்கத்துக்கு 10 வீதம் சிறிய குண்டுகள், அதாவது 3/16 அங்குலம்; பின்சக்கரத்தில் பக்கத்துக்கு 9 வீதம் கால் அங்குலக் குண்டுகள். கழற்றும்போதே எண்ணி வைத்துக்கொள்ள வேண்டும். குண்டுகளில் சில தேய்ந்திருந்தால், தேய்ந்ததை மட்டும் மாற்றாமல் அந்தப் பக்கத்துக் குண்டுகள் எல்லாவற்றையும் மாற்றிவிடுவதே நல்லது. அளவில் சிறிது பெரிய புதுக் குண்டு ஒன்று மற்றவற்றின் சுமையையும் சேர்த்துத் தாங்க நேர்ந்தால், அது கோனை, அதாவது அச்சில் திருகியிருக்கும், குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கூம்பு நட்டை அரித்துவிடும்.

வீட்டில் வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் கோனை இறுக்குவதுதான், நானும் இதைக் கற்றுக்கொள்ள நாள் பிடித்தது. கோனைச் சரியாக வைத்துவிட்டு அதன் மேல் பூட்டு நட்டை முறுக்கும்போது, அந்த நட்டு கோனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய் இறுக்கிவிடும். ஆகவே மெல்லிய கோன் ஸ்பானரால் கோனை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றொரு ஸ்பானரால் நட்டை முறுக்கிவிட்டு, அச்சை விரல்களால் உருட்டிப் பார்க்க வேண்டும். மணல் அரைபடுவதுபோல உறுத்தினால் இறுக்கம் அதிகம். ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டும்போது ‘கடக்’ என்று நகர்ந்தால் தளர்வு அதிகம். இரண்டுக்கும் நடுவில் உள்ள பதம் ஒரு கால் திருப்புக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. அதை அடைந்துவிட்டோமா என்று சோதிக்கச் சைக்கிள் கடைக்காரர்கள் காலங்காலமாகச் செய்துவரும் ஒரு வழி உண்டு. சக்கரத்தை வண்டியில் பூட்டித் தரையிலிருந்து தூக்கி, வால்வு பக்கவாட்டில் இருக்கும்படி நிறுத்திக் கையை எடுத்துவிட வேண்டும். வால்வின் சிறு எடைக்கே சக்கரம் தானாக அசைந்து, வால்வு கீழே வந்து, ஊஞ்சல்போல முன்னும் பின்னும் ஆடி ஓய்ந்தால் கோன் சரியாக இருக்கிறது. அம்மாவின் வண்டியில் முன்சக்கரம் அப்படி ஆடி ஓய்வதற்கு நான் நான்கு முறை கழற்றிப் பூட்ட வேண்டியிருந்தது.

கோட்டம் எடுப்பதில், அதாவது கோணிய சக்கரத்தை நேராக்குவதில், இந்தப் பழைய வண்டிக்கும் நான் தினமும் ஓட்டும் கியர் வண்டிக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. கியர் வண்டியின் வி பிரேக் ரிம்மின் இரு பக்கங்களையும் கவ்விப் பிடிப்பதால், சக்கரம் பக்கவாட்டில் சிறிது கோணினாலும் பிரேக் கட்டை உரசும். கம்பி பிரேக்கின் கட்டைகளோ ரிம்மின் உட்புறத்தை, அச்சை நோக்கிய பக்கத்தை அழுத்துகின்றன. ஆகவே அதில் பக்கவாட்டுக் கோணலைவிட மேடு பள்ளந்தான் கையில் தட்டுப்படும். பக்கவாட்டுக் கோணலுக்கு, ரிம் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்துப் போக்ஸ் கம்பிகளை இறுக்க வேண்டும். மேட்டுக்கு இரு பக்கத்துக் கம்பிகளையும் சம அளவில் இறுக்க வேண்டும். டயர் இருக்கும் பக்கத்திலிருந்து பார்க்கையில் கம்பியின் நுனியை ரிம்மில் பிடித்திருக்கும் சிறு நட்டான நிப்பிளைக் கடிகாரச் சுற்றில் திருப்பினால் கம்பி இறுகும். ஒரு தடவைக்குக் கால் திருப்புக்கு மேல் போகக் கூடாது. முன்னால் 32, பின்னால் 40 என்று அத்தனை கம்பிகளும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்கும் அமைப்பு அது; ஒரே கம்பியை முழுச்சுற்று முறுக்கினால் கோணல் இடம் மாறுமே தவிரத் தீராது. கம்பிகளை விரலால் சுண்டி ஒலியைக் கேட்டுக்கொண்டே போனால், தளர்ந்த கம்பி மந்தமான ஒலியால் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்.

பஞ்சர் ஒட்டுவதைப் பலரும் செய்வதால் அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒன்று மட்டும்: பழைய வகை வால்வு உள்ள வண்டியில் காற்று இறங்கினால், டயரைக் கழற்றுவதற்கு முன் வால் டியூப்பை எடுத்துப் பாருங்கள். நம் வெயிலில் அந்தச் சிறு ரப்பர்க் குழாய் வெடித்துவிடுகிறது. பஞ்சர் என்று நாம் நினைப்பவற்றில் பல அதுதான். உண்மையான பஞ்சராக இருந்தால், ஓட்டை வால்விலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று டயரில் அளந்து, அந்த இடத்தில் சீமைக் கருவேல முள்ளின் முறிந்த நுனி இன்னும் குத்திக்கொண்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே டியூபை உள்ளே வைக்க வேண்டும்.

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடும் வழக்கம் எங்கள் தெருவில் இன்றும் இருக்கிறது. அது நாளடைவில் பிசினாகித் தூசியைப் பிடித்துவைத்துக்கொள்ளும், மார்கழிக் குளிரில் உறைந்தும் போகும். மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து, தையல் மிஷின் எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு சொட்டு வீதம் விட்டு, ஒரு மணி நேரம் கழித்து வெளிப்புறத்தை உலர்ந்த துணியால் முழுக்கத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் வேண்டியது கண்ணிக்குள் இருக்கும் ஊசிக்குத்தான். வெளியே மினுங்குவது மண்ணை ஒட்டவைக்க மட்டுமே உதவும். அதே நேரத்தில் செயினை அளந்தும் பார்த்துவிடலாம். புதுச் செயினில் ஊசிக்கு ஊசி அரை அங்குலம், 24 கண்ணிகளுக்குச் சரியாக 12 அங்குலம். அதே 24 கண்ணிகள் 12 அங்குலத்துக்கு மேல் 1/16 அங்குலம் நீண்டிருந்தால் செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. 1/8 அங்குலம் நீண்டிருந்தால் அது பல்சக்கரத்தையும் தேய்த்திருக்கும். என் கியர் வண்டியில் இப்படி அளந்து பார்ப்பதை நான் தள்ளிப்போட்டதால், செயினோடு ஏழு பல்சக்கரம் கொண்ட ஃப்ரீவீலையும் சேர்த்து வாங்க நேர்ந்தது.

மேம்படுத்துவது என்று வரும்போதும் அளவுகோல்தான் முதலில் கையில் இருக்க வேண்டும். கியர் வண்டியின் பொத்தான் டயர்கள் தார்ச்சாலையில் தேவையில்லாமல் இழுக்கின்றன என்று மெல்லிய, வழவழப்பான டயர்களுக்கு மாற நினைத்து, ஒரு கடையில் ‘26 அங்குலம்’ என்று கேட்டு வாங்கி வந்தேன். அது ரிம்மின் மேல் தொளதொளவென்று நின்றது. என் ரிம்மின் அளவு 559 மில்லிமீட்டர். கடையில் தந்த 26 x 1 3/8 டயர் 590 மில்லிமீட்டர் ரிம்முக்கானது. இரண்டுக்கும் பெயர் 26 தான். 28 என்பதிலும் இதே குழப்பம் இருக்கிறது: அம்மாவின் வண்டியில் உள்ள 28 x 1 1/2 டயருக்கு ரிம் 635 மில்லிமீட்டர், இன்றைய வேக வண்டிகளில் 28 என்று சில டயர்களில் அச்சிடப்படுவது 622 மில்லிமீட்டர். டயரின் பக்கவாட்டில் 40-635 என்பதுபோல ஒரு கோட்டுக்கு இரு புறமும் இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண் டயரின் அகலம், மூன்று இலக்க எண் ரிம்மின் அளவு. அந்த மூன்று இலக்கத்தைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போனால் ஏமாற்றமில்லை. பெடலை மாற்றுகிறவர்கள், இடது பெடலின் மரை தலைகீழ் என்பதை மறக்கக் கூடாது. மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவிடாமல் இருப்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள்.

ஃபோர்க்கிலோ சட்டத்திலோ விரிசல் கண்டால் வீட்டில் எதையும் முயலாதீர்கள். அந்த வண்டியை அன்றே ஓட்டுவதை நிறுத்திவிட்டு, நல்ல கைத்தேர்ச்சி உள்ளவரிடம் காட்டுங்கள்.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு எல்லாவற்றையும் பூட்டி முடித்தேன். கைப்பிடியின் கம்பி பிரேக்கை இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, அம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினார். மாரியம்மன் கோயில் வரை போய்த் திரும்பி வருவதைத் தெருமுனையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். செயின் ஓடும் மெல்லிய ஒலியைத் தவிர வேறொன்றும் இல்லை. வாசலில் வந்து காலை ஊன்றி நின்றவர், “சத்தமே இல்லம்மா, நல்லா ஓடுது. சீட்ட மட்டும் ஒரு விரக்கடை எறக்கிப் போடு, முன்ன மாதிரி கால் எட்டல” என்றார். கழுவி எடுத்து வைத்திருந்த ஸ்பானரை மறுபடியும் எடுத்து வந்தேன்.