350,000 ராண்டு கோட்டுக்கு வெளியே நிக்கிற நம்ம பசங்க

தென்னாப்பிரிக்காவுல, டர்பன்ல ஜனவரி வந்துட்டாலே நம்ம தமிழ் ஆளுங்க வீட்டுல ரெண்டு பேச்சுதான், ஒண்ணு தைப்பூசக் காவடி, இன்னொண்ணு யுனிவர்சிட்டி ரெஜிஸ்ட்ரேஷன். ஸ்கூல் கடைசி வருஷ மெட்ரிக் ரிசல்ட் வந்திருக்கும், பிள்ளைக்கு சீட்டும் கிடைச்சிருக்கும், பணத்துக்கு எங்க போறதுன்னுதான் தெரியாது. இந்த வருஷம் அதை ரொம்பக் கிட்ட இருந்து பார்த்தேன், மனசு ஆறல, அதான் எழுதுறேன்.

டர்பன்ல நம்ம ஆளுங்க நிறைய இருக்குற சாட்ஸ்வொர்த்ல, கோயில் ஹால்ல சனிக்கிழமை தமிழ் கிளாஸ் எடுக்குறேன். அங்க வர்ற பொண்ணு ஒருத்தி, மேத்ஸ், சயின்ஸ் ரெண்டுலயும் டிஸ்டிங்ஷன். அப்பாவுக்கு ஹார்பர்ல வேலை, அம்மா சூப்பர்மார்க்கெட்ல பில் போடுற டில்லுல உக்கார்றாங்க. அவருக்கு மாசம் 18,000 ராண்டு, அவங்களுக்கு 12,000, சேர்த்தா 30,000, வருஷத்துக்கு 360,000 ஆச்சு. அரசாங்கத்தோட என்எஸ்ஃபாஸ் உதவித்தொகைக்கு குடும்ப வருமான வரம்பு 350,000. முடிஞ்சது கதை, ரிஜெக்டட்னு வந்துடுச்சு. 10,000 ராண்டு கூட இருக்குங்கறதுக்காக முழுசா கையை விரிச்சுட்டாங்க, கொஞ்சம் குறைச்சாவது குடுப்போம்னு ஒரு ஏற்பாடே கிடையாது. அதுவும் பாக்குறது கிராஸ் சம்பளத்தை, டாக்ஸ் பிடிச்சது, வீட்டுக் கடன், கூட இருக்குற பாட்டியோட மருந்து, ஸ்கூலுக்குப் போற தம்பி, இது எதுவும் அந்தக் கணக்குல வராது.

சரி பேங்க்ல கேக்கலாம்னு போனாங்க, பெத்தவங்க ஷூரிட்டி போடணும், பொண்ணு படிக்கிறப்பவே மாசாமாசம் வட்டி கட்டிட்டு வரணும்னாங்க. யுனிவர்சிட்டிலயோ முதல்ல ஒரு தொகை கட்டினாதான் ரெஜிஸ்டர் பண்ண விடுவாங்க. அந்த அம்மா கிளாஸ் முடிஞ்சதும் ஹாலுக்கு வெளிய நின்னு, ஷிஃப்ட் யூனிஃபார்மோட, போன்ல அந்த மெசேஜைக் காட்டி "இதுல அப்பீல் பண்ண எங்க அமுக்கணும் டீச்சர்"னு கேட்டாங்க. அப்பீலும் பண்ணோம், வருமானம் கூட இருக்குன்னு அதே பதில்தான் திரும்பி வந்துச்சு.

உதவித்தொகையும் கிடைக்காம, சொந்தமா ஃபீஸ் கட்டவும் முடியாம நடுவுல மாட்டுற இந்த மாதிரி குடும்பங்களை இங்க மிஸ்ஸிங் மிடில்னு சொல்றாங்க. 2017 டிசம்பர் 16-ம் தேதி அப்போ ஜனாதிபதியா இருந்த ஜேக்கப் ஜூமா அறிவிச்சார், 350,000 வரைக்கும் வருமானம் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு காலேஜ் இலவசம்னு. 2018-ல இருந்து என்எஸ்ஃபாஸ் கடனா குடுத்துட்டு இருந்தது, திருப்பிக் கட்ட வேண்டாத பர்சரியா மாறுச்சு, பெரிய விஷயம்தான், எத்தனையோ பேர் வீட்டுல முதல் டிகிரி அதனாலதான் வந்துச்சு. ஆனா அப்போ போட்ட கோடு வருஷக்கணக்கா அங்கயேதான் நின்னுச்சு. விலைவாசி ஏறுது, அதுக்காக சம்பளமும் ஒரு நூறு இருநூறுன்னு ஏறுது, கையில மிஞ்சுறது அதேதான், ஆனா காகிதத்துல நீங்க கோட்டைத் தாண்டிட்டீங்க. 350,000-லேருந்து 600,000 வரைக்கும் உள்ளவங்களுக்குன்னு 2024 ஜனவரியில 3.8 பில்லியன் ராண்டுல ஒரு திட்டம் அறிவிச்சாங்க, அதுவும் லோன்தான், திருப்பிக் கட்டணும்.

ஃபீஸ் ஏன் இப்படி ஏறுதுன்னு கேட்டா, 2000-ல யுனிவர்சிட்டிகளோட வருமானத்துல அரசாங்கம் குடுத்தது 49 சதவீதம், 2012-ல அது 40 ஆயிடுச்சு, அதே காலத்துல பசங்க கட்டுற ஃபீஸோட பங்கு 24-லேருந்து 31-க்குப் போச்சு. அந்த ஓட்டை யார் தலையில விழுந்துச்சுன்னு புரியுதில்ல. 2015 அக்டோபர்ல ஜொஹன்னஸ்பர்க் விட்ஸ் யுனிவர்சிட்டி 10.5 சதவீதம் ஏத்தறோம்னு சொன்னப்போ பசங்க கேட்டை மறிச்சாங்க, ஃபீஸ் மஸ்ட் ஃபால், அதாவது ஃபீஸ் குறையணும்னு நாடு பூரா பரவி பார்லிமென்ட் வரைக்கும், கடைசியா பிரிட்டோரியாவுல ஜனாதிபதி ஆபீஸ் இருக்குற யூனியன் பில்டிங்ஸ் வரைக்கும் போய், அக்டோபர் 23-ம் தேதி ஜூமாவையே அடுத்த வருஷத்துக்கு ஏத்தமே இல்லன்னு சொல்ல வச்சாங்க. பசங்க ரோட்டுல நிக்கலைன்னா அந்த 10.5 அப்படியே நம்ம தலையில விழுந்திருக்கும், அந்த பர்சரி கூட வந்திருக்குமான்னு எனக்கு சந்தேகம்தான்.

இதைச் சொன்னா நம்ம ஆளுங்க பல பேருக்குப் பிடிக்கிறதில்ல. வாட்ஸ்அப் குரூப்ல கறுப்பினப் பசங்களை மனசுல வச்சு "இது அவங்க போராட்டம், நம்ம பிள்ளைங்க ஒதுங்கி இருக்கட்டும்"னு போடுறாங்க, 2016 செப்டம்பர்ல இங்க டர்பன் யுனிவர்சிட்டியோட ஹோவர்ட் காலேஜ் கேம்பஸ்ல லா லைப்ரரி எரிஞ்ச போட்டோவை எடுத்துக் காட்டுறாங்க. லைப்ரரி எரிஞ்சது எனக்கும் வயிறு எரிஞ்ச விஷயம், அதை நான் ஒருக்காலும் நியாயப்படுத்த மாட்டேன். ஆனா அந்த ஒரு போட்டோவை வச்சு கேட் முன்னாடி பாட்டுப் பாடிட்டு நின்ன ஆயிரக்கணக்கான பசங்களை ரௌடின்னு சொல்றது அநியாயம்.

நம்ம கதையையே பாருங்களேன். 1860-லேருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவங்க பிள்ளைங்களுக்கு ஸ்கூல் வேணும்னா நம்மளே காசு போட்டுதான் கட்டினோம். வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி இங்க இந்திய அரசாங்கத்தோட ஏஜென்ட்டா இருந்தப்போ ஜனங்க பணம் திரட்டி எழுப்பினதுதான் 1929-ல திறந்த சாஸ்திரி காலேஜ். 1961-ல இந்தியர்களுக்குன்னு தனி காலேஜ் ஆரம்பிச்சாங்களே, அது ஹார்பர்ல சாலிஸ்பரி தீவுல, பழைய நேவி பாரக்ஸ்ல, பசங்க படகேறிப் போய்ப் படிச்சாங்க. அதுதான் பின்னாடி வெஸ்ட்வில்லுக்கு மாறுச்சு. அங்க தமிழ் டிப்பார்ட்மென்ட்டே இருந்துச்சு, 1990-கள் கடைசியில செலவைக் குறைக்கிறோம்னு இந்திய மொழிகளை மூடினாங்க, அதனாலதான் நான் இன்னைக்கு கோயில் ஹால்ல பிளாஸ்டிக் சேர் போட்டு அ ஆ சொல்லிக் குடுத்துட்டு இருக்கேன். அதே வெஸ்ட்வில் கேம்பஸ்லதான் 2000 மே மாசம் ஃபீஸ் கட்ட முடியாத பசங்களை வெளிய அனுப்பினதை எதிர்த்த போராட்டத்துல மைக்கேல் மகபானேங்கற மாணவன் போலீஸ் குண்டுபட்டு செத்தான். எந்த வாயால அவங்க போராட்டம்னு சொல்றது?

அந்தப் பொண்ணு விஷயத்துக்கு வர்றேன். கோயில் கமிட்டி கொஞ்சம் குடுத்தாங்க, அப்பா வேலை இடத்துல அட்வான்ஸ் வாங்கினார், மாமா ஒருத்தர் மிச்சத்தைப் போட்டார், ரெஜிஸ்டர் ஆயிடுச்சு. வருஷக் கடைசியில பாக்கி இருந்தா அடுத்த வருஷம் அக்கவுன்ட்ல ஃபீ பிளாக் போட்டு ரெஜிஸ்டர் பண்ண விடமாட்டாங்க, திரும்ப இதே ஓட்டம்தான். கோயில் உண்டியலை நம்பி எத்தனை பிள்ளைங்களைப் படிக்க வைக்க முடியும்?

நான் கேக்குறது ரெண்டுதான். அந்த 350,000-ஐ வருஷா வருஷம் விலைவாசியோட ஏத்தணும், கோட்டைத் தாண்டினவங்களுக்கு வருமானத்துக்குத் தக்கபடி பாதியோ கால்வாசியோ குடுக்கணும். உங்க வீட்டுலயும் ரிஜெக்டட் மெசேஜ் வந்திருந்தா அழிச்சுடாதீங்க, சம்பள ஸ்லிப்போட சேர்த்து வைங்க, நம்ம வார்டு கவுன்சிலர்கிட்டயும் எம்பி ஆபீஸ்லயும் மொத்தமாக் கொண்டுபோய்க் குடுப்போம். பசங்க அடுத்த தடவை கேட்டுக்கு முன்னாடி உக்கார்றப்போ நானும் போறேன், ஷிஃப்ட் இல்லைன்னா அந்த அம்மாவும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க.